இல்லாத நாலடித் தண்ணீர்

சாக்கெட் என்பது இன்று உங்களுக்கு ஒரே வரி. முகவரியைக் கொடுத்துத் திற என்றால் திறந்துகொள்கிறது. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சொல்வது இந்தப் பக்கம் வந்து விழுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று போன வாரம் உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "அத லைப்ரரி பாத்துக்கும் மேடம்" என்றார். மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் அப்படி ஒரு லைப்ரரியை எழுதியவள் நான். அது எதைப் பார்த்துக்கொள்ளாமல் விட்டது, அதனால் யார் எதை இழந்தார்கள் என்பதைச் சொல்லாமல் உங்களிடம் வேறு எதைப் பேசினாலும் பொய்யாக இருக்கும்.

நாட்டின் கதவுகள் திறந்துவிட்டன என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தஞ்சாவூர் கீழவாசலில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் நிறுவனம் இருந்தது. படியேறும்போதே பூச்சிமருந்து வாடை அடிக்கும். ஏழு பேர் வேலை பார்த்தோம். நிறுவனர் வைத்தியநாதன் சார், சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவர். கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேர் கையில் பாஸ்போர்ட்டோடு அலைந்துகொண்டிருந்தார்கள். என் பக்கத்து மேசையில் இருந்த யூசுப்புக்கு ஊர் கூத்தாநல்லூர். அண்ணன்மார் மூவரும் வளைகுடாவில். "அவங்க போன வழியில நான் போவல, நான் வேற பக்கம் போறேன்" என்பான். அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கமும் அமெரிக்காதான்.

எங்களுக்கு வந்த வேலை ஒரு பாசனச் சோதனைத் திட்டம். வெளிநாட்டுக் கடனில் நடந்தது. சீர்காழிக்குக் கிழக்கே கடலை நோக்கிப் போகும் ஒரு கிளை ஆற்றில் நான்கு ரெகுலேட்டர்கள், அதாவது ஷட்டர் போட்டுத் தண்ணீரைத் தேக்கித் திறந்துவிடும் மதகுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை ஒரு கருவி அளக்கும். தஞ்சாவூரில் இருக்கும் கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒரு முறை டெலிபோன் லைனில் நான்கையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு அளவை வாங்கிக்கொள்ளும். எந்த ஷட்டரைத் திறக்கலாம், எதை அடைக்கலாம் என்று யோசனை சொல்லும். யோசனை சொல்லும் பகுதியை அமெரிக்காவில் இருந்த ஓர் ஆலோசகர் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தார். நம் ஊர்க்காரர்தான், படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவர் வாங்கித் தந்த லிஸ்ப், யோசிப்பதில் கெட்டி. ஆனால் வெளியுலகத்தோடு பேச அதற்கு வாய் கிடையாது. சாக்கெட் என்ற ஒன்றே அதில் இல்லை. அதை எழுதுவதுதான் என் வேலை.

யூசுப் அப்போதே சொன்னான். "சி மொழியில தனியா ஒரு சின்ன புரோகிராம் எழுதி, வர்ற நம்பரை ஒரு ஃபைல்ல போட்டுடு. லிஸ்ப் அதைப் படிச்சுக்கட்டும். எதுக்கு வம்பு?"

நான் கேட்கவில்லை. லிஸ்ப்புக்குள்ளேயே நேராகச் சாக்கெட்டைக் கொண்டுவருவேன் என்று நின்றேன். தஞ்சாவூர் மாடியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியும் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்கு இருந்தது. நான்கு மாதத்தில் செய்தும் காட்டினேன். ஆலோசகருக்கு அது பிடித்துப்போய், ஒரு நகலை அவர் வேலை செய்த வேறு இரண்டு இடங்களுக்கும் கொடுத்தார். அதில் ஒன்று வேறொரு மாவட்டத்தில் இருந்த ரசாயன ஆலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

மூன்று மாதம் எல்லாம் ஓடியது. சம்பா நடவு முடிந்திருந்தது. ஒரு புதன்கிழமை முற்பகல் போன் வந்தது. கடைசி ரெகுலேட்டரின் லஸ்கர் மாரிமுத்து பேசினார். ஷட்டரைத் திருகி ஏற்றுவதும் இறக்குவதும், காலையிலும் மாலையிலும் அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் லஸ்கரின் வேலை. கருவி மாட்டப் போனபோது அவரை ஒரு முறை பார்த்திருக்கிறேன். நாற்பது வயதிருக்கும், கறாராகப் பேசுவார். அங்கே லைன் செத்துப்போயிருந்ததால் கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்.

"ஏம்மா, மேல தண்ணிய அடைச்சுட்டாங்க. கேட்டா, இங்க நாலடி நிக்கிதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாம். இங்க அரையடி கூட இல்லம்மா. சட்டரோட அடிமணை வெளியில தெரியுது."

"லைன் போயிருக்குல்லங்க, அதனாலதான் இருக்கும். லைன் வந்ததும் சரியாயிடும்."

"லைன் நேத்து மத்தியானம் போச்சு. போறதுக்கு முன்னாடிதான் நாலடின்னு சொல்லியிருக்கு."

"சரிங்க, பாக்குறோம்."

பார்க்கிறோம் என்று சொன்னேனே தவிர, பார்க்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை திட்டத்தைப் பார்க்கக் கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குத் திரையில் ஆற்றின் படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். புதன் போனது, வியாழன் போனது.

வெள்ளிக்கிழமை லைன் சரியானதும் கடைசி ரெகுலேட்டரின் அளவு வந்தது. அரையடிக்கும் கீழே. பாசனத்துறைப் பொறியாளர் பதறிப்போய் மேலே மறுபடி திறக்கச் சொன்னார். ஆனால் அங்கிருந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர இரண்டு நாள் ஆகும். ஏற்கெனவே மூன்று கிராமத்தில் நட்ட வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஜனங்கள் ரெகுலேட்டரில் வந்து கூடி மாரிமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பக்கத்தில் அப்போது ஊருக்கு ஊர் இறால் பண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பைக் குறைக்க அவர்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். நாலடித் தண்ணீர் நின்றதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது, மூன்று நாளில் அது மாயமாகிவிட்டது, அப்படியென்றால் லஸ்கர் ஷட்டரைத் தூக்கிப் பண்ணைக்காரனுக்கு விட்டுவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. மாரிமுத்துவின் பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அரையடி என்று எழுதியிருந்தது. திருட்டை மறைக்கப் பொய்யாக எழுதியிருக்கிறான் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆலோசகர் எங்கள் மாடிக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை விருந்தினருக்காக முன்கூட்டியே வந்து ஊரில் தங்கியிருந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். தகவல் கொண்டுவரும் பகுதி பிழையில்லாமல் வேலை செய்தது, கம்ப்யூட்டரின் பதிவு நம்பத்தக்கது என்று அதில் இருந்தது. கீழே என் பெயர். விசாரணைக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்றார்.

"கையெழுத்துப் போட முடியாது சார்" என்றேன்.

"ஏன்? உன் புரோகிராம்ல தப்பு இருக்கா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா? மூணு மாசமா ஓடுது. ஒரு கம்ப்ளெயின்ட் உண்டா?"

"உண்டு சார். புதன்கிழமை அவரே போன் பண்ணி சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல."

அவர் வைத்தியநாதன் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா, ஒரு லஸ்கர் தண்ணி விக்கிறது இந்த நாட்டுல புதுசா? நீ என்ன அவனுக்கு வக்கீலா?"

"அவரு வித்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். நான் சரிபாக்காத ஒண்ண சரிபாத்தேன்னு எழுத மாட்டேன். அவ்வளவுதான்."

இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த நிமிடத்தில் என் கையில் ஓர் ஆதாரமும் இல்லை. மாரிமுத்து நல்லவர் என்றுகூட எனக்குத் தெரியாது. என் புரோகிராம் தப்பு என்றும் தெரியாது, சரி என்றும் தெரியாது. தெரியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பல பேர் இந்த இடத்தில்தான் வளைவார்கள். ஆதாரம் இல்லாமல் எப்படி மறுப்பது என்று தயங்குவார்கள். உங்கள் பெயரைப் போட்டுக் கொடுக்க ஆதாரம் வேண்டும், கொடுக்காமல் இருக்க ஆதாரம் தேவையில்லை.

வைத்தியநாதன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திங்கட்கிழமை வரைக்கும் டயம் குடுங்க சார், பாத்துச் சொல்லட்டும்" என்றார். ஆலோசகர் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

யூசுப் என்னை மாடிப்படியில் மடக்கினான். அமெரிக்காவில் அவனுக்கு வேலை பார்த்துக் கொடுத்திருந்தது ஆலோசகரின் நிறுவனம். விசாவுக்கான காகிதம் எல்லாம் அவர்கள் கையில்.

"ஒனக்கென்ன, நீ இங்கயே இருந்துடுவ. எம் பேப்பரு அந்தாளுகிட்ட இருக்கு. நம்ம ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலை இது. நீ முரண்டு புடிச்சா அவரு எனக்கு மட்டும் தனியா நல்ல பேரு எழுதித் தருவாரா?"

"தரமாட்டாரு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. எங்களைப் போன்ற லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் அது சின்னக் குற்றமில்லை. வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று மாதப் பதிவையும் தாளில் அச்செடுத்து மாடித் தரையில் விரித்துப்போட்டு, முட்டிபோட்டு நகர்ந்து நகர்ந்து படித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கடைசி ரெகுலேட்டரின் அளவு 4.23 என்று இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அதுவரை அதன் லைன் சரியில்லை, வேறு அளவே வரவில்லை. ஞாயிறு காலை மேலே திறந்துவிட்ட தண்ணீர் செவ்வாய் மதியம் கடைசிவரை வந்துவிட்டது என்று பார்த்தால் நம்பக்கூடிய எண்தான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்கு மேல் வரியில் மூன்றாவது ரெகுலேட்டரின் அளவு. அதுவும் 4.23.

ஒரு ஆற்றில் அடுத்தடுத்த இரண்டு இடத்தில் ஒரே அளவு வருவது அதிசயமில்லை. ஆனால் கடைசிப் புள்ளிவரைக்கும் ஒரே எண். பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மதியத்துக்குள் அப்படிப் பதினொரு இடம் அகப்பட்டது. ஏதோ ஒரு ரெகுலேட்டரின் அளவு, அதற்குச் சற்று முன் கூப்பிட்ட ரெகுலேட்டரின் அளவாகவே இருக்கும். அடுத்த அரை மணியில் சரியான எண் வந்துவிடும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும், தப்பான எண் வந்த கையோடு லைன் செத்துவிட்டது. திருத்த அடுத்த எண் வரவில்லை. லிஸ்ப் அந்த 4.23-ஐயே பிடித்துக்கொண்டு, கடைசிக்குத் தண்ணீர் போய்விட்டது, மேலே அடைக்கலாம் என்று யோசனை சொல்லிவிட்டது.

மூன்று மணிக்கு யூசுப் வந்தான். மேசையில் இருந்த அவன் புத்தகங்களை எடுத்துப்போக வந்திருந்தான். தரையில் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டு நின்றான்.

"லைன்ல இரைச்சல்னு சொல்லிட்டுப் போயேன். எல்லாருக்கும் நல்லது" என்றான்.

"இரைச்சல்னா நம்பர் கன்னாபின்னான்னுல்ல வரணும்? இது பாரு, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு. இன்னொரு இடத்து நம்பரு அப்படியே வந்திருக்கு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நான்கைந்து வரியைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "வர்ற தகவல எங்க வாங்குற?"

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. லிஸ்ப்பின் ஒரு குணத்தை இங்கே சொல்ல வேண்டும். நாம் வைத்த பொருளை வைத்த இடத்திலேயே அது விட்டுவைக்காது. இடம் நெருக்கடியானால் வீட்டைக் கூட்டுவதுபோல் தன் நினைவகத்தைத் தானே கூட்டிப் பெருக்கும். வேண்டாததைத் தள்ளிவிட்டு, வேண்டியதை வேறு இடத்துக்கு நகர்த்தி அடுக்கும். சாக்கெட்டில் வரும் தகவலைப் பிடிக்க, குழாய்க்கடியில் வைப்பதுபோல் ஒரு பாத்திரத்தை வைத்து, அதன் இடத்தை, கம்ப்யூட்டரை நடத்தும் இயங்குதளத்திடம் சொல்லியிருந்தேன். தகவல் வருவதற்குக் காத்திருக்கும் நேரத்தில், உள்ளே யோசித்துக்கொண்டிருந்த பகுதிக்கு இடம் போதாமல் லிஸ்ப் பெருக்க ஆரம்பித்தால், என் பாத்திரத்தையும் நகர்த்திவிடும். இயங்குதளத்துக்கு அது தெரியாது. பழைய இடத்திலேயே தகவலைக் கொட்டிவிட்டுப் போய்விடும். நான் பாத்திரத்தை எடுத்துப் பார்க்கும்போது முன்பு வந்த பழைய தகவல் அதில் கிடக்கும். நான்கு ரெகுலேட்டருக்கும் ஒரே பாத்திரம் போதும் என்று சிக்கனம் பிடித்ததும் நான்தான். அதனால் கிடந்தது இன்னொருவர் அளவு.

இவ்வளவும் ஊகம். யூசுப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சோதனை எழுதினான். தகவலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே லிஸ்ப்பைப் பெருக்க வைப்பது. மூன்று மாதத்தில் பதினொரு முறை நடந்தது, ஓடவிட்ட இரண்டு நிமிடத்தில் திரை நிறைய வந்து விழுந்தது. யூசுப் நாற்காலியில் சாய்ந்தான்.

"மாரிமுத்து அண்ணன் சொன்னது நெசம்" என்றான். அப்புறம், "எம் பேப்பரு போச்சு" என்றான்.

திருத்தம் இருபது வரிகூட இல்லை. பாத்திரத்தை லிஸ்ப்பின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது, ஒவ்வொரு முறையும் வாங்குமுன் அதைத் துடைப்பது, வரும் தகவலோடு ரெகுலேட்டரின் பெயரையும் சேர்த்து வாங்கிச் சரிபார்ப்பது.

திங்கட்கிழமை ஆலோசகரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் முட்டாள் இல்லை, இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். தணிந்த குரலில் சொன்னார்.

"சரி. திருத்திட்டீங்க, சந்தோஷம். இப்ப நான் சொல்றத கேளு. டெலிபோன் லைன் கோளாறால ஒரு தப்பான அளவு வந்துடுச்சுன்னு எழுதிக் குடுப்போம். அந்த லஸ்கருக்கு வேலை திரும்பக் கிடைச்சுடும். உன் பேருக்கும் ஒண்ணும் வராது. யாருக்கு நஷ்டம்?"

சனிக்கிழமை அவர் கேட்டதை மறுப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. இது கஷ்டமாக இருந்தது. மாரிமுத்து தப்பித்துவிடுவார். யூசுப்பின் காகிதம் பிழைக்கும். வைத்தியநாதன் சாருக்கு அடுத்த கட்ட வேலை கிடைக்கும். கிட்டத்தட்டச் சரி என்று சொல்லத் தலை அசைந்துவிட்டது.

"அந்த ரெண்டு இடத்துக்கும் குடுத்த லைப்ரரி சார்?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கறேன்."

"என்னன்னு சொல்லி மாத்துவீங்க? தப்பே இல்லன்னு எழுதிட்டு, எதுக்கு மாத்துறோம்னு சொல்லுவீங்க?"

அவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். ரசாயன ஆலையில் அதே பாத்திரம் குழாய்க்கடியில் இருந்தது. அங்கே தண்ணீரை அளக்கவில்லை, வேறு எதையோ அளந்தார்கள்.

"லைன் கோளாறுன்னு எழுத மாட்டேன் சார். தப்பு என்னோடதுன்னு எழுதித் தர்றேன்."

"எழுதுனா இந்த ஃபீல்டுல உன்னை எவன் சேத்துக்குவான்?"

"சேத்துக்கலன்னா போவட்டும் சார்."

அன்றைக்கே பொறியாளருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதினொரு தப்பான அளவும் தேதி, மணியோடு. மற்ற இரண்டு இடத்துக்கும் திருத்தத்தையும் அதே கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வைத்தியநாதன் சார் கடிதங்களைப் படித்தார். "நிறுவனத்தோட முத்திரையையும் போட்டுடும்மா, ஒன் பேர்ல மட்டும் ஏன் போவணும்" என்றார். அவரைப் பற்றி நீங்கள் கேள்விப்படும் எல்லாவற்றோடும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை விருந்தினர் வந்தார்கள். ஆலோசகர் ஆற்றின் படத்தைக் காட்டினார். தப்பைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேள்வி இருக்கிறதா என்றபோது நான் எழுந்து, நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்குத் தடுமாறியது. விஷயம் தடுமாறவில்லை. வந்தவர்களில் ஒரு அம்மாள் மட்டும் கேட்டார், இதுபோல் இன்னும் பிழைகள் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்று. சொல்ல முடியாது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். தேநீர் குடித்தார்கள், போனார்கள். அடுத்த கட்ட வேலை எங்களுக்கு வரவில்லை. இரண்டு வருடம் ஜவுளிக்கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிப் பிழைத்தோம். யூசுப்புக்கு அந்த அமெரிக்க வேலை இல்லை என்றாகிவிட்டது. ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் மூலமாகப் போனான். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். "நம்ம பாத்திரத்தப் பத்திதான் ஒரு மணி நேரம் பேசுனேன்" என்றான்.

மாரிமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைத்த வாரம் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சிரித்து வரவேற்கவில்லை. ஏறிட்டுப் பார்த்தார்.

"புதன்கிழம போன் பண்ணேன்ல?"

"பண்ணீங்க."

"அன்னைக்கே பாத்திருந்தா இந்த மூணு ஊரு வயலும் தப்பிச்சிருக்கும். திருட்டுப் பயன்னு என்னைய எம் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி சொன்னாங்க."

"ஆமாங்க. தப்பு என்னோடதுதான்."

சுற்றிலும் மறுநடவு நடந்துகொண்டிருந்தது. மேல்பகுதியிலிருந்து வாங்கி வந்த நாற்று, பாதி வயலுக்குத்தான் போதும் என்றார்கள். மிச்ச வயல் வெறுமனே கிடந்தது. அதை நான் இன்னமும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இருபது வரியில் திருத்திய தப்புதானே என்று யாராவது சொன்னால் அந்த வயல்தான் ஞாபகம் வருகிறது.

கொஞ்ச நேரம் கழித்து மாரிமுத்து படியிறங்கி அளவுகோலைப் பார்த்தார். "ரெண்டேமுக்கால். உங்க மிசினு என்ன சொல்லுதுன்னு கேளுங்க." எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய்க் கேட்டேன். இரண்டு புள்ளி ஏழு நான்கு என்றான் யூசுப். திரும்பி வந்து சொன்னேன். "இன்னைக்குச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்து எழுதப் போனார்.

பதிவுத் தபாலில் போன இரண்டு கடிதத்தில் ஒன்றுக்கு நன்றி என்று பதில் வந்தது. ரசாயன ஆலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அங்கே வேலை பார்த்த ஒருவர் போனில் கூப்பிட்டார். ஒரு தொட்டியின் அளவு திரையில் ஒன்று, நேரில் ஒன்றாக இருக்கிறது என்று ஓர் ஆபரேட்டர் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார். பொய்ப் பதிவு என்று சொல்லி அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். என் கடிதம் வந்த பிறகு திருத்தத்தைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டார்கள், அவரை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பிறகு அந்த ஆபரேட்டரின் முகவரியைக் கேட்டு வாங்கி அவருக்கே எழுதினேன். நீங்கள் எழுதி வைத்தது சரியாகத்தான் இருக்க வேண்டும், பிழை என் லைப்ரரியில், இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று. அவர் வழக்குப் போட்டிருந்தார். சாட்சிக்கு வர முடியுமா என்று ஒரு அஞ்சலட்டை வந்தது.

வைத்தியநாதன் சாரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். ஆலையோடு தொழில் செய்யும் ஆட்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், யோசித்துக்கொள்ளம்மா என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். லீவு கொடுத்தார்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த ஆபரேட்டரை முதன்முதலாகப் பார்த்தேன். வெளுத்த சட்டை, கையில் தன் பழைய பதிவுகளின் நகல். ஆலையின் வக்கீல் என்னை நிற்க வைத்து, உங்கள் வேலையில் தப்பு என்று நீங்களே ஊர் அறியச் சொல்கிறீர்களே, இனி யார் உங்களிடம் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டார்.

"தெரியலங்க. அத அப்புறம் நான் பாத்துக்குறேன்" என்றேன். "முதல்ல என்னென்னைக்கு தப்பா வந்துச்சுன்னு அவரு பதிவைப் பாத்து சொல்றேன், எழுதிக்குங்க."